பணிக்கர் ‘திடீரென்று’ மாறவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கே.சி.எஸ். பணிக்கரின் ஓவியக் கண்காட்சி பற்றிப் போன இதழில் வந்த விமர்சனத்தைப் படித்தேன். நீர்வண்ணத்தில் தென்னந்தோப்பும் காயலும் வரைந்துகொண்டிருந்த மனிதர், 1963இல் திடீரென்று, எழுத்தும் குறிகளுமாக நிரம்பிய ‘சொற்களும் குறியீடுகளும்’ ஓவிய வரிசைக்குத் தாவிவிட்டார் என்கிற மாதிரி அதில் இருந்தது. எழுதியவர் மேல் எனக்கு வருத்தமில்லை. முதல் நாள் நானும் அப்படி நினைத்துக்கொண்டுதான் வெளியே வந்தேன். வாசலில் செருப்பு மாட்டும்போது காவலாளி கேட்டார்: “சார், உள் ரூம் பார்த்தீங்களா?”

பார்க்கவில்லை. கழிப்பறைக்குப் போகும் வழியில் ஒரு சின்ன அறை. ஐம்பதுகளின் படங்களை அங்கே மாட்டியிருக்கிறார்கள். பெரிய கூடத்தில் ஒரு சுவரில் நாற்பதுகள், எதிர்ச்சுவரில் அறுபதுகள். நடுவில் இருந்த பத்து வருடத்தை எடுத்துவிட்டால் யாருக்கும் அது தாவலாகத்தான் தெரியும். படங்களுக்குக் கீழே வருடம்கூடப் போடவில்லை. ஒரு அச்சிட்ட தாளைத் தருகிறார்கள், அதிலும் ஆங்கிலம் மட்டும்.

அந்த அறையில் ஒரு மணி நேரம் இருந்தேன். உழைப்பாளர் சிலையைச் செய்த ராய் சௌத்ரி முதல்வராக இருந்த சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர் பணிக்கர். அவருடைய ஆரம்பகால நீர்வண்ணப் படங்களில் கோடு என்று தனியாக ஒன்றும் இல்லை. ஈரத்தில் நிறம் பரவி நிற்கும் இடம்தான் விளிம்பு. 1954இல் லண்டன் போய் வந்தார். அந்தக் காலத்துப் படங்களில் கோடு தடிக்கிறது, ஆட்களைச் சுற்றி வளைக்கிறது. அப்புறம் தோட்டப் படங்கள். அவற்றில் தொடுவானம் கிடையாது, தூரத்தில் இருப்பது சின்னது என்ற கணக்கும் கிடையாது. ஆளும் மிருகமும் செடியும் ஒரே தளத்தில் மேலிருந்து கீழ்வரை இறைந்து கிடக்கின்றன. கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் ஒரு பக்கத்தில் எழுதிய எழுத்து மாதிரியே இருக்கிறது. கோடு உடம்பை விட்டு இறங்க வேண்டியதுதான் பாக்கி. 1963இல் இறங்கிவிட்டது.

ஒரு மாணவரின் கணக்கு நோட்டில் கண்ட எழுத்துகளும் வடிவங்களும்தான் அந்த வரிசைக்குத் தூண்டுதல் என்று பணிக்கரே சொல்லியிருக்கிறார். முப்பத்திரண்டு வருடம் கணக்கு நோட்டுத் திருத்தியவன் நான். எனக்கு ஒரு நாளும் அதில் ஓவியம் தெரிந்ததில்லை, சிவப்பு மையில் சுழித்ததோடு சரி. அவருக்குத் தெரிந்ததென்றால், அதற்கு முந்தைய பத்து வருடம் அவர் கை அந்தப் பக்கத்தை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தது என்பேன். பழக்க தோஷத்தில் ஒரு படத்தின் சமன்பாட்டைத் தீர்க்கப் பார்த்தேன், முடியவில்லை. பக்கத்தில் நின்ற பாலக்காட்டு அம்மா ஒருவர் மலையாளம் என்று நினைத்து வாசிக்க முயன்றார், அவராலும் முடியவில்லை. ஜாதகக் கட்டம் மாதிரி இருக்கும், ராசி எது என்று சொல்ல முடியாது. படிக்க முடியாமல் இருப்பதற்கென்றே எழுதிய எழுத்து அது.

உள்ளதைச் சொன்னால், அந்த வரிசையில் எல்லாமே எனக்குப் பிடிக்கவில்லை. சிலவற்றில் குறிகள் வெறும் பூவேலையாகிவிட்டன. ஆனால் அதைச் சொல்வதற்குக்கூட ஐம்பதுகளைப் பார்த்திருக்க வேண்டும்.

சென்னைக்குப் பக்கத்தில் அவர் தொடங்கிய ஓவியர் கிராமமான சோழமண்டலத்துக்கு எப்போது போனாலும் சில படங்களைப் பார்க்கலாம். திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்தில் அவருக்கென்று தனிக்கூடமே இருக்கிறது. ஆனால் இந்தப் படங்கள் பல வீடுகளிலிருந்து இரவல் வந்தவை, முடிந்ததும் அந்தந்த வீட்டுச் சுவருக்கே திரும்பிவிடும். மூன்று காலத்தையும் மறுபடி ஒரே கூரையின் கீழ் எப்போது பார்ப்போமோ. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கண்காட்சி வரும் ஞாயிறு வரை இருக்கிறது. போகிறவர்கள் பெரிய கூடத்தில் நாற்பதுகளின் சுவரை முடித்ததும் எதிர்ப்பக்கம் திரும்பாமல் இடது கோடிக் கதவைத் தள்ளுங்கள். சாத்தியிருக்கும், ஆனால் பூட்டவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர்,
குரோம்பேட்டை