கருப்பட்டிக்கு இப்போது பரவாயில்லை

பாளையங்கோட்டை
வெள்ளிக்கிழமை

பாப்பாவுக்கு அப்பா எழுதுவது.

நானும் அம்மாவும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. மேல வீட்டுப் பெரியம்மா பேரனுக்கு ஆவணியில் கல்யாணம். செய்தி அவ்வளவுதான், மீதியெல்லாம் நம் பூனை கருப்பட்டி.

ஞாயிற்றுக்கிழமை உனக்கு நாலு தடவை போன் போட்டேன். வேலையாக இருந்திருப்பாய். ராத்திரி ஒரு கட்டைவிரல் படம் வந்தது. அம்மா அதைப் பார்த்து, "பிள்ளை நல்லா இருக்கா" என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டாள். எனக்கு அந்த விரலை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. 34 வருஷம் தபால் ஆபீஸில் இருந்தவனுக்குத் தெரிந்தது காகிதம்தான்.

கருப்பட்டி நாலு நாளாக வெளிக்குப் போகவில்லை. மணல் டப்புக்குள் சிரமப்பட்டு ஏறும், முதுகை வளைத்து முக்கும், ஒரு குரல் கொடுக்கும், சும்மா இறங்கிவிடும். பிறகு பூஜை அறை மூலையில் பார்த்தால் ஆட்டுப் புழுக்கை மாதிரி ரெண்டு கிடக்கும், கல்லாக. "திமிரு, வயசான திமிரு" என்று நான் வைதேன். டப்பை ஃபினாயில் ஊற்றிக் கழுவி வைத்தேன். அதோடு அது அந்தப் பக்கமே போகவில்லை. அம்மா விளக்கெண்ணெய் என்றாள். பக்கத்து கிளினிக்கில் தொட்டுக்கூடப் பார்க்காமல் பூச்சி மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். கடைசியில் மெடிக்கலில் ஒரு எனிமா பாட்டில் வாங்கிவரச் சட்டை மாட்டினேன். அந்நேரம்தான் அது நுரை நுரையாக வாந்தி எடுத்தது. அப்படியே காய்கறிக் கூடையில் தூக்கிப் போட்டுக்கொண்டு ராமையன்பட்டி கால்நடைக் கல்லூரிக்கு ஆட்டோ பிடித்தேன்.

பார்த்தது ஒரு சின்னப் பிள்ளை, உன் வயசுதான் இருக்கும். முதல் கேள்வியே, "அங்கிள், ஒண்ணுக்குப் போகுதா?" ஆண் பூனை முக்கினால் மலச்சிக்கல்தான் என்று நாமே முடிவுகட்டக் கூடாதாம். மூத்திரம் அடைத்தாலும் இதே மாதிரிதான் உட்கார்ந்து முக்கும். அதுவாக இருந்தால் ஒரு நாள், மிஞ்சினால் ரெண்டு நாள், உயிரே போய்விடும். நல்லவேளை, இது அது இல்லை. எக்ஸ்ரேயில் குடல் நெடுக உருண்டை உருண்டையாக அடைத்துக்கொண்டு நின்றது. ரத்தத்தில் கிரியேட்டினின் அளவு அதிகமாக இருந்தது, சிறுநீரகம் தளர்ந்ததற்கு அது அடையாளமாம். சிறுநீரகம் தளர்ந்தால் குடிக்கிற தண்ணியெல்லாம் மூத்திரமாகப் போய்விடுமாம். உடம்பு தனக்கு வேண்டிய தண்ணியை மலத்திலிருந்து உறிஞ்சிக்கொள்ளும், அது கல்லாகிவிடும். நீயும் தண்ணீர் குடி. ஏசியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்களுக்குத் தாகமே தெரியாது.

எனிமா பாட்டில் வாங்கப் போன கதையைச் சொன்னேன். அந்தப் பிள்ளை பேனாவைக் கீழே வைத்துவிட்டது. கடையில் விற்கிற அந்த பாஸ்பேட் எனிமா பூனையைக் கொன்றே போடுமாம். ஃபினாயிலும் ஆகாது. காலில் பட்டதை நக்கினால் விஷம், நக்காவிட்டாலும் அந்த வாடைக்கே டப்பை வெறுத்துவிடும். பாலையும் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். வளர்ந்த பூனைக்குப் பாலில் உள்ள சர்க்கரை செரிக்காதாம். 15 வருஷமாக காலை ஆறு மணிக்கு ஆவின் பால் ஊற்றிய கை இது. அம்மாவுக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

முதலில் குளுக்கோஸ் மாதிரி பாட்டில் ஏற்றினார்கள். மயக்கம் கொடுத்து வெதுவெதுப்பான தண்ணியை விட்டு மெதுவாக எடுத்தார்கள். இப்போது மலத்தை இளக்க லாக்டுலோஸ் சிரப், காலையில் ரெண்டு மில்லி, ராத்திரி ரெண்டு மில்லி. சாளை மீனை உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் இல்லாமல் அவித்து, அந்தத் தண்ணியோடு பிசைந்து கொஞ்சமாகக் கொடுக்கிறோம். நீ பேச்சுப் போட்டியில் வாங்கி வந்தாயே எவர்சில்வர் தட்டு, அதில்தான் தின்கிறது. சுலோசன முதலியார் 1843இல் சொந்தப் பணத்தில் தாமிரபரணியில் பாலம் கட்டிக் கொடுத்தார் என்று நீ முழங்கியதை ஹெட்மாஸ்டர் என்னிடம் வந்து சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டார். அப்படிப் பேசின பிள்ளை இப்போது ஒரு விரலை அனுப்புகிறது.

இடுப்பு எலும்பு தேய்ந்திருக்கிறதாம். டப்பு விளிம்பு முக்கால் அடி உயரம். அது ஏறும்போதே வலி, முக்கும்போது வலி. அந்த இடமே வலி என்று அதற்குப் பதிந்துபோகும், அதனால்தான் வேறு மூலை தேடுகிறது என்று அந்தப் பிள்ளை சொன்னது. "திமிர் இல்ல அங்கிள், வலி." அன்று சாயங்காலமே ரம்பம் எடுத்து ஒரு பக்கத்தை மூன்று அங்குலத்துக்கு அறுத்து, காலைக் கிழிக்காமல் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். ஆற்று மணல் இப்போது எங்கே கிடைக்கிறது? எம் சாண்டைச் சலித்துப் பொடியை மட்டும் போட்டிருக்கிறேன்.

பாப்பா, ஒன்று சொல்ல வேண்டும். ராமையன்பட்டிக்குப் போக அந்தப் பாலத்தைத்தானே தாண்ட வேண்டும். கூடைக்குள் அது கத்திக்கொண்டே வந்தது. அந்தச் சத்தம் எனக்குப் பழைய சத்தம்.

கருப்பட்டியின் தாய், செவலை, ஓடிப்போகவில்லை. நான்தான் கொண்டுபோய் விட்டேன்.

நீ பத்தாவது படித்தாய். நான் இலாகா தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். கட்டிலில், புத்தகத்தின் மேல், வேட்டியில் என்று செவலை கண்ட இடத்தில் போய் வைத்தது. ஒரு விடியற்காலையில் அதைக் கழித்துப்போட்ட தபால் பைக்குள் கட்டி, ஸ்கூட்டரில் வைத்து, பாலத்துக்கு அந்தப் பக்கம் மீன் கடை ஓரமாக அவிழ்த்துவிட்டேன். அது உடனே ஓடவில்லை. பையின் மேலேயே உட்கார்ந்து என்னைப் பார்த்தது. நான் ஸ்கூட்டரைத் திருப்பிவிட்டேன். குட்டிகளுக்குக் கண் திறந்து ரெண்டு வாரம்கூட ஆகவில்லை. நீ இங்க் ஃபில்லரில் பால் விட்டு இந்த ஒன்றைப் பிழைக்கவைத்தாய். மற்ற ரெண்டும் உனக்குத் தெரியும். பத்து நாள் தெருத்தெருவாகச் செவலையைத் தேடினாய். நானும் கூட வந்து தேடினேன், டார்ச் பிடித்துக்கொண்டு. அந்தப் பரீட்சையில் நான் தோற்றதற்கும் பூனைக்கும் சம்பந்தம் இல்லை. செவலைக்கும் எங்கேயோ வலித்திருக்கும், நான் என்னவென்று பார்க்கவே இல்லை. அம்மாவுக்கு இது தெரியாது.

மார்ச் மாசம் ஒரு ராத்திரி நீ போனில், "கொஞ்ச நாள் அங்க வந்து இருக்கட்டுமாப்பா" என்று கேட்டாய். நான், "பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா கோயிலுக்கு மாப்பிள்ளையும் நீயும் சேர்ந்து வாங்க" என்றேன். நீ சரி என்று வைத்துவிட்டாய். உத்திரத்துக்கு யாரும் வரவில்லை. போன வாரம் உன் நாத்தனார் பேச்சோடு பேச்சாக, "அண்ணி ஆபீஸ் பக்கத்துலயே தங்கிக்கிட்டாங்களே" என்றது. வேலை அதிகம்போல என்று நான் சொல்லி வைத்தேன். நான் ஒன்றும் கேட்கவில்லை. நீயாகச் சொல்கிறவரை கேட்கவும் மாட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. தண்ணீர் குடி, மறக்காதே.

இன்று காலை கருப்பட்டி தானாகவே டப்பில் இறங்கி ரெண்டு துண்டு போனது. மெத்தென்று இருந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், "இதையெல்லாமா கூப்பிட்டுக் காட்டுவாங்க" என்று தலையில் அடித்துக்கொண்டு, அவளும் குனிந்து பார்த்தாள்.

உன் அறையில் அடுக்கியிருந்த அரிசி மூட்டை, என் பழைய பெட்டி எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டேன். கட்டிலை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டிருக்கிறேன், ஃபேனுக்கு எண்ணெய் விட்டாகிவிட்டது. கருப்பட்டி ராத்திரி அங்கேதான் படுக்கிறது, அதற்காக என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

அப்பா