மாணவர் மனசு பெட்டியை இடம் மாற்றுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் தங்கள் குறைகளையும் தொந்தரவுகளையும் சீட்டில் எழுதிப் போட வைத்திருக்கும் ‘மாணவர் மனசு’ பெட்டி பற்றி எழுதுகிறேன். ஏற்காடு மலையில் ஓர் அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் இருக்கும் தாய் நான்.

நான் பார்த்த பள்ளிகளில் இந்தப் பெட்டி ஹெச்.எம். அறையை ஒட்டி, எல்லாரும் நடமாடும் வராந்தாவில்தான் தொங்குகிறது. அதில் சீட்டுப் போட்டது யார் என்று அன்று மாலைக்குள் பள்ளிக்கூடம் முழுக்கத் தெரிந்துவிடும். ஒரு ஆசிரியரைப் பற்றியோ, பின்னாலேயே வரும் பெரிய பையனைப் பற்றியோ சொல்ல நினைக்கிற பிள்ளை அங்கே எப்படிப் போகும்? பெண் பிள்ளைகள் கழிப்பறைக்குப் போகிற வழியில் ஒன்று, தண்ணீர்க் குழாய்ப் பக்கம் ஒன்று என்று மாட்டினால் யாரும் கவனிக்க மாட்டார்கள். வந்த சீட்டைப் பிரேயரில் உயர்த்திக் காட்டி, “இது யார் எழுத்து?” என்று கேட்ட பள்ளியும் உண்டு. அதற்குப் பிறகு அந்தப் பெட்டியில் மிட்டாய்க் காகிதம்தான் விழுந்தது.

போன் எண்கள் இருக்கின்றனவே என்பார்கள். குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417 இரண்டும் பள்ளிச் சுவரில் எழுதியிருக்கின்றன, நல்லதுதான். ஆனால் மலையின் உள் கிராமங்களில் சிக்னலுக்கு மேடு ஏற வேண்டும். வீட்டுக்கு ஒரு போன், அதுவும் அப்பாவின் சட்டைப் பையில். நவம்பரில் காபிப் பழம் பறிப்பு தொடங்கிவிட்டால் தாய் தகப்பன் இருவரும் இருட்டும் வரை எஸ்டேட்டில்தான். பள்ளி விட்டு வருகிற பிள்ளை தம்பி தங்கையோடு பூட்டிய வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கும். தொந்தரவு கொடுக்கிறவர்களுக்கு அந்த நேரம் நன்றாகத் தெரியும். கீழே சேலத்தில் அம்மாப்பேட்டை, குகைப் பக்கம் தறிக்காரர் வீடுகளில் சிக்னலுக்குக் குறைவில்லை. ஒரே அறையில் எல்லாரும் இருக்கும்போது பிள்ளை எங்கே போய்ப் பேசும்? பக்கத்தில் ஒரு பெட்டி, அதைத் திறக்க நம்பிக்கையான ஆள் என்பது இங்கே சின்ன விஷயமில்லை.

பாலியல் தொந்தரவு விஷயம் வெளியே வந்த பிறகும் பயம் விடுவதில்லை. “ஸ்டேஷனுக்குப் போனா பிள்ளை பேரு கெட்டுப் போயிரும், ஊர்ப் பெரியவங்கள வச்சுப் பேசிக்கலாம்” என்கிறார்கள். பெற்றவர்களின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அப்படிப்பட்ட குற்றத்தைப் பேசித் தீர்க்க முடியாது. குற்றம் நடந்தது தெரிந்த யாரும் கட்டாயம் போலீசில் சொல்ல வேண்டும். மறைத்தால் 6 மாதம் வரை சிறை, நிறுவனப் பொறுப்பில் இருப்பவர் தனக்குக் கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தை மறைத்தால் 1 வருடம் வரை. பிள்ளையை ஸ்டேஷனுக்கு அழைத்துப்போக வேண்டியதும் இல்லை. வீட்டிலோ, பிள்ளை விரும்பும் வேறு இடத்திலோ, கூடுமானவரை எஸ்.ஐ. நிலைக்குக் குறையாத பெண் அதிகாரியே வந்து, சீருடை இல்லாமல் வாக்குமூலம் வாங்க வேண்டும். பிள்ளையின் பெயரைப் பத்திரிகைகள் போடக் கூடாது. இதையெல்லாம் சொன்னதும் எங்கள் குழுக் கூட்டத்தில் ஒரு அம்மா, “இத மொதல்லயே யாரும் சொல்லலையே” என்றார். ஒவ்வொரு கூட்டத்திலும் சொன்னால் என்ன?

மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலரிடம் நான் கேட்பது இதுதான். பழப் பறிப்பு தொடங்கும் முன் பெட்டிகளை மறைவான இடத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். திறக்கும்போது குழுவிலுள்ள தாய் ஒருவரும் கூட இருக்க வேண்டும் என்று உத்தரவிடுங்கள். எங்கள் குழுவுக்குத் தலைவரே ஒரு தாய்தான். சாவியைக் கொடுக்க மட்டும் ஏன் தயக்கம்? எழுதிய பிள்ளையைத் தேடாதீர்கள் என்றும் அந்த உத்தரவில் இருக்கட்டும்.

பெட்டி திறக்கும் நாளில் ஒரு நாள் கூலி போனாலும் வந்து உட்காருவதாக எங்கள் பள்ளித் தாய்மார் நால்வர் ஏற்கெனவே சொல்லியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினரான ஒரு தாய்,
ஏற்காடு வட்டம், சேலம் மாவட்டம்.