ரெகுலேட்டரைக் கழற்றி வைத்த வீடு

மதுரை,
17.12.2024

அன்புள்ள வடிவுக்கு,

உன் கடிதம் வந்து பதினைந்து நாளாகிவிட்டது. அன்றைக்கே பதில் போட உட்கார்ந்தேன், அதற்குள் கொடைக்கானல் கிளம்ப வேண்டியதாயிற்று. தாமதமானதும் ஒரு விதத்தில் நல்லதுதான். இலஞ்சி வீட்டு மாடியில் சும்மா கிடக்கிற இரண்டு அறைகளைக் குற்றாலச் சீசனுக்கு வருகிறவர்களுக்கு விடலாமா, காலைச் சாப்பாட்டையும் சேர்த்தே கொடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். போகும் முன் எழுதியிருந்தால், "தாராளமாகச் செய்" என்று ஒரே வரியில் முடித்திருப்பேன். போய்விட்டு வந்தபின் அப்படி முடிக்க மனசு வரவில்லை. அங்கே நடந்ததைச் சொல்கிறேன், அப்புறம் நீயே முடிவு பண்ணு.

இங்கே எல்லாரும் சுகம். இவருக்கு முட்டி வலி முன்னைக்கு இப்போது பரவாயில்லை. சின்னவன் வேலை மாறிக் கோயம்புத்தூர் போய்விட்டான்.

எங்கள் மதினியை உனக்கு நினைவிருக்கும். இவருடைய அக்கா, என் கல்யாணத்தன்று உனக்குத் தலை பின்னிப் பூ வைத்துவிட்டாரே, அவர்தான். இப்போது 74 வயசு. பூம்பாறைக் குழந்தை வேலப்பரை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். லாட்ஜ் என்றால் அவருக்குக் கூச்சம். அதனால் 'வீட்டுச் சூழல்' என்று போட்டிருந்த ஒரு ஹோம்ஸ்டேயை மகன் செல்போனில் பார்த்துக் கொடுத்தான். ஒரு அறைக்கு ஒரு நாளைக்கு 3,800 ரூபாய், காலைச் சாப்பாடு உட்பட. இரண்டு அறை, இரண்டு ராத்திரி, 15,200 ரூபாயையும் முன்கூட்டியே கட்டியாயிற்று. படத்தில் ஏரி தெரிகிற ஜன்னல், கணப்பு எரிகிற கூடம், மேசை நிறைய இட்லி, பொங்கல், பழம் எல்லாம் இருந்தன. மதினிக்குச் சர்க்கரை இருக்கிறது, முட்டை தொடமாட்டார், மாத்திரை போட்டு அரை மணிக்குள் சாப்பிட வேண்டும், எட்டு மணிக்குச் சாப்பாடு கிடைக்குமா என்று வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் தெளிவாகக் கேட்டிருந்தேன். கட்டை விரல் படம் ஒன்று பதிலாக வந்தது. அதை நம்பினேன்.

டிசம்பர் முதல் வாரம் போனோம். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏற ஏற மூட்டம். வெள்ளி நீர்வீழ்ச்சிச் சாவடியில் இ-பாஸ் காட்டினோம். இந்த மே மாசத்திலிருந்து கோர்ட்டு உத்தரவுப்படி அது இல்லாமல் வண்டி ஏற முடியாது, நீ போவதானால் மறந்துவிடாதே. வில்பட்டி போகிற பாதையில் வீடு. கார் மேலே ரோட்டிலேயே நின்றுவிட்டது. அங்கிருந்து கீழே 42 படி, பாசி பிடித்த கருங்கல் படி, பிடித்துக்கொள்ள ஒரு கம்பிகூட இல்லை. மதினி ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினார். படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருந்தால் வேறு இடம் பார்த்திருப்போமே என்று எனக்கு வயிறு எரிந்தது.

வாசலில் சாவியோடு ஒரு பையன் நின்றான். மன்னவனூர்ப் பக்கம், பத்தொன்பது வயசு. வீட்டுக்காரர் எங்கே என்றால் பெங்களூரில் என்றான். இதுபோல அவருக்கு மூன்று வீடு, மூன்றையும் இவன்தான் பார்த்துக்கொள்கிறானாம். 'வீட்டுச் சூழல்' என்று எழுதியிருந்த வீட்டில் குடியிருக்க ஒரு ஆள் இல்லை.

ஜன்னலைத் திறந்தால் எதிரே புதுசாக எழும்பிய லாட்ஜின் சிமெண்டுச் சுவர். ஏரி எங்கே என்று கேட்டேன். மொட்டை மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றால் தெரியும் என்றான். கணப்புக்குள் பிளாஸ்டிக் பூத்தொட்டி இருந்தது. குனிந்து மேலே பார்த்தேன், புகைபோக்கியைச் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். இதெல்லாம் போகட்டும் என்று விட்டுவிடலாம். படுக்கையைத்தான் விட முடியவில்லை. ரஜாய் உறை வெள்ளை வெளேரென்று சலவை மணத்தோடு இருந்தது. மதினிக்குப் போர்த்த எடுத்தபோது வழக்கத்தைவிடக் கனமாக இருந்ததால் உறைக்குள் கையை விட்டுப் பார்த்தேன். உள்ளே பஞ்சு சில்லென்று ஈரமாக இருந்தது. ஓரத்தையெல்லாம் பிதுக்கிப் பார்த்தால் மிளகைப் பொடித்துத் தூவியதுபோலப் பூசணம். எத்தனை நாள் பூட்டிக் கிடந்த அறையோ. கொண்டுபோன சால்வை, இவருடைய ஸ்வெட்டர், துண்டு எல்லாவற்றையும் போட்டு மதினியைச் சுற்றினேன். நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்தே ராத்திரியைக் கழித்தோம்.

வெந்நீருக்குச் சோலார். மூன்று நாளாக வெயிலே அடிக்காத ஊரில் அது எப்படிச் சுடும்? கரண்டில் சுடவைக்கிற ஏற்பாடு அந்தத் தொட்டியில் இருக்கவே இல்லை. பையன்தான் பாவம், ஒரு வாளியில் கம்பி ஹீட்டரைப் போட்டு ஆளுக்கு அரை வாளி கொண்டுவந்தான்.

முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மறுநாள் காலை ஏழரைக்கு மதினி வழக்கப்படி மாத்திரை போட்டுவிட்டார். சாப்பாடு கண்ணில் படும் முன் போடவிட்டது என் தப்பு, அதை ஒத்துக்கொள்கிறேன். எட்டானது, எட்டேகாலானது. பையனைக் காணோம். போன் பண்ணினால் அடுத்த வீட்டு விருந்தாளிகளுக்கு ரொட்டி வாங்க பஜாரில் நிற்கிறேன், வந்துவிடுகிறேன் என்றான். எட்டே முக்காலுக்கு மதினி, "ராஜி, கை நடுங்குதும்மா" என்றார். அந்தக் குளிரில் நெற்றி முழுக்க வேர்வை. பையில் கோவில்பட்டிக் கடலை மிட்டாய் இருந்தது. அதை உடைத்து வாயில் போட்டேன். பாலாவது காய்ச்சிக் கொடுக்கலாம் என்று அடுப்படிக்கு ஓடினேன்.

அடுப்படி நன்றாகத்தான் இருந்தது வடிவு. கிரானைட் மேடை, இரண்டு பர்னர் அடுப்பு, கீழே சிலிண்டர். சிலிண்டர் தலையில் ரெகுலேட்டர் இல்லை. கழற்றி எடுத்து வைத்துவிட்டார்கள். விருந்தாளிகள் அடுப்பைத் தொட்டுவிடக் கூடாதாம். பையன் மூச்சிரைக்க வந்ததும் அதைக் கேட்டேன். அவன் முதலாளிக்குப் போன் போட்டான். அடுப்படியைப் பயன்படுத்தத் தனியாக ஒரு நாளைக்கு 500 ரூபாய் என்று அந்தப் பக்கமிருந்து சொன்னது எனக்கே கேட்டது. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. 500 ரூபாய் பெரிய காசில்லை, இவர் உடனே கொடுக்கத் தயாராக இருந்தார். வயசான மனுஷி உடம்பு நடுங்கி உட்கார்ந்திருக்கும்போது அவருக்கு என்ன, எப்படி இருக்கிறார் என்று அந்த ஆள் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதுதான் எனக்கு ஆறவில்லை.

ஒன்பதே முக்காலுக்குத் தட்டு வந்தது. ஆளுக்கு இரண்டு ரொட்டி, ஜாம் பொட்டலம், ஆறிப்போன அவித்த முட்டை. மதினி தன் முட்டையைப் பையன் கையில் கொடுத்து, "நீ காலைல சாப்பிட்டியா ராசா?" என்று கேட்டார். அவன் தலையைக் குனிந்துகொண்டான். பின்பக்கக் கொட்டகையில்தான் படுக்கை, காலையில் சமைக்க நேரமில்லை என்று அப்புறமாகச் சொன்னான். அந்த வீட்டில் அன்றைக்கு ஒருவரை ஒருவர் சாப்பிட்டாயா என்று கேட்டது அந்த ஒரு தடவைதான்.

பூம்பாறை மட்டும் எங்களை ஏமாற்றவில்லை. மலைச்சரிவு முழுக்கப் படிக்கட்டு மாதிரி வயல், பூண்டும் கேரட்டும். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது, அந்தப் பூண்டில் இரண்டு கிலோ உனக்கும் வாங்கி வைத்திருக்கிறேன், தென்காசிப் பக்கம் யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறேன். கோவிலில் மூலவரைப் போகர் பாஷாணத்தால் செய்தார் என்று சொல்வார்கள். மதினி சன்னதியில் பேசாமல் ரொம்ப நேரம் நின்றார். வெளியே வந்ததும், "வந்த காரியம் முடிஞ்சுது, இனி அந்த வீட்டைப் பத்திப் பேசாதே" என்றார். அவர் கூட இருந்தவரை பேசவில்லை. உன்னிடம்தான் கொட்டுகிறேன்.

ஊருக்கு வந்தபின் வீட்டுக்காரரிடம் பேசினேன். மரியாதையாகத்தான் பேசினார். "சாரி ஆன்ட்டி, கேர்டேக்கர்கிட்ட சொல்றேன்" என்றார், 1,000 ரூபாய் திருப்பி அனுப்பினார். கெட்டவராகத் தெரியவில்லை. கட்டில், மெத்தை, அடுப்பு, ஒரு பையன் எல்லாம் வாங்கிப் போட்டால் வீடு தானே நடக்கும் என்று நினைத்துவிட்டார். பதிவு பண்ணின தளத்தில் நடந்ததை நடந்தபடி எழுதினேன். படி, ஈரப் படுக்கை, வெந்நீர், ரெகுலேட்டர், எதையும் விடவில்லை. பணியாளர் என்று தனியாக மதிப்பெண் கேட்டார்கள், அந்தப் பையனுக்கு ஐந்துக்கு ஐந்து போட்டேன். அவன் வேலைக்கு உலை வைத்துவிடாதே என்று இவர் இரண்டு தடவை சொன்னார். சொல்லாவிட்டாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

யோசித்துப் பார், அந்த ஊரே இளைப்பாற வந்தவர்களால் உண்டான ஊர். நம்ம மதுரையில் இருந்த அமெரிக்க மிஷன்காரர்கள் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் பிள்ளைகளைப் பறிகொடுத்துவிட்டு, 1845இல் மேலே போய் இரண்டு வீடு கட்டினார்கள். ஏரியை வெட்டியது 1863இல் லெவிஞ்சி என்ற கலெக்டர். உடம்பு தேறுவதற்காகவே மனுஷர்கள் ஏறிப்போன இடம் அது. அங்கே போய் உடம்பு கெட்டுத் திரும்புவது என்றால் எனக்குப் பொறுக்கவில்லை.

இனி உன் விஷயம். மத்திய அரசின் சுற்றுலா அமைச்சகத்தில் 'பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட்' வீடுகளுக்கென்று ஒரு திட்டம் இருக்கிறது. ஒரு அறை முதல் ஆறு அறை வரை பதிவு செய்யலாம், தங்கம், வெள்ளி என்று தரம் பிரித்துக் கொடுப்பார்கள். அதில் எனக்குப் பிடித்த விதி, வீட்டுக்காரர் குடும்பத்தோடு அதே வீட்டில் குடியிருக்க வேண்டும் என்பது. முன்பு படித்தபோது இது ஏதோ சர்க்கார் சம்பிரதாயம் என்று நினைத்தேன். இப்போது புரிகிறது, இந்த விதியை எடுத்துவிட்டால் திட்டத்தில் ஒன்றுமே மிச்சமில்லை. நீயும் அண்ணனும் மகளோடு சென்னைக்குப் போய் ஆறு மாசம் இருக்கலாம் என்ற யோசனையும் உன் கடிதத்தில் ஒரு ஓரமாக இருந்தது. போவதானால் அந்த ஆறு மாசமும் மாடியைப் பூட்டிவிடு. ஆளைப் போட்டுப் பார்த்துக்கொள்ளாதே.

குற்றாலத்துக்குக் கூட்டம் வருவதே சாரலில்தான், ஆனியும் ஆடியும். அப்போது உன் வீட்டில் கொடியில் போட்ட துணி மூன்று நாளானாலும் சதசதவென்று இருக்கும், எனக்குத் தெரியாதா? கொடைக்கானல் ரஜாயின் கதைதான் உன் மெத்தைக்கும். வெயில் அடிக்கிற சித்திரையிலேயே மெத்தை, தலையணை எல்லாவற்றையும் மொட்டை மாடியில் போட்டு எடுத்து வை. கனமான ரஜாய் வேண்டவே வேண்டாம், துவைத்து ஒரே நாளில் காய்கிற பருத்திப் போர்வை போதும். விருந்தாளி வருகிற அன்றைக்கு உறையைப் பார்க்காதே, உள்ளே கையை விட்டுப் பார். சோலார்க்காரன் வந்து நின்றாலும் ஏமாந்துவிடாதே. சாரல் காலத்தில் சூரியனை எங்கே பிடிப்பாய்? உங்கள் பின்கட்டில் இருந்த அந்தச் செம்புப் பாய்லர் இன்னும் இருக்கிறதா? ஈயம் பூசி எடுத்து வை. மாடிக்கு ஏற எத்தனை படி என்பதையும் எழுதிப் போடு, வயசானவர்கள் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். சாப்பாட்டுக்குப் பத்து வகை போட்டு எழுதாதே, இட்லியும் ஒரு சட்னியும் என்று எழுதி, சொன்ன நேரத்துக்கு வைத்தால் போதும்.

1983இல் ஆடி விடுமுறைக்கு உங்கள் வீட்டில் நாலு நாள் தங்கினேனே. முதல் நாள் ராத்திரி உங்கம்மா என்னிடம் வந்து, "ஏ பிள்ள, நீ காலைல எந்திரிச்சதும் காப்பி குடிப்பியா, பல்லு வெளக்கிட்டுக் குடிப்பியா?" என்று கேட்டார்கள். எங்கள் வீட்டில் அதுவரை யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. விடியற்காலையில் நான் கண் விழித்தபோது பின்கட்டில் சிரட்டை எரிகிற வாசனை வந்தது. எழுந்து போனால் பாய்லரில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வாழையிலையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். உனக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ, எனக்கு அந்த வாசனை இப்போது எழுதும்போதும் வருகிறது. அந்த வீட்டில் வளர்ந்தவள் நீ. உன்னால் முடியும் என்றுதான் நினைக்கிறேன். அண்ணனுக்கும் இதில் மனசு இருக்கிறதா என்று மட்டும் ஒரு தடவை கேட்டுக்கொள். மனசில்லாமல் காலை ஐந்து மணிக்கு எழுந்து யாரோ ஒருவருக்கு வெந்நீர் போட முடியாது.

மாடி தயாரானதும் எழுது. சாரல் விழுந்ததும் மதினியைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். மற்றவர்களிடம் என்ன வாடகையோ அதை எங்களிடமும் வாங்கிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் தென்காசியில் லாட்ஜ் போட்டுவிடுவேன். மதினிக்குக் காலை எட்டு மணிக்கு இரண்டு இட்லி, முட்டை வேண்டாம்.

அன்புடன்,
உன் ராஜி