தனி ஆவர்த்தனத்தில் எழுந்து போனவன்

கும்பகோணம்,
ஞாயிறு இரவு.

அன்புள்ள கயலுக்கு,

அம்மாவும் நானும் நலம். நேற்று நீ பேசியபோதே இதைச் சொல்ல வாயெடுத்தேன். நீ பஸ்ஸில் இருந்தாய், ஒரே இரைச்சல். அதுவும் இது போனில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை.

ஐப்பசி மழையில் உன் அறைப் பரண் ஒழுகியது. சாமான்களை இறக்கி வைத்தபோது, நீ சிடிகளைப் போட்டு வைத்திருந்த பிஸ்கட் டப்பா அகப்பட்டது. நனையவில்லை, பயப்படாதே. ஒவ்வொன்றாகத் துடைத்து வைத்தேன். ஒன்றின் அட்டையில் விக்கு விநாயக்ராம் பெயர் இருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தேன். கடம் விநாயக்ராம், மிருதங்கம் ஆர். ராகவன், வயலின் எல். சங்கர், தபேலா ஜாகிர் உசேன், கிட்டார் ஜான் மெக்லாஃப்ளின். 1975 ஜூலையில் நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் ஒரு கல்லூரியில் நடந்த கச்சேரி. 'சக்தி' என்ற அந்தக் குழுவின் பெயர் எனக்குப் புதிதில்லை. நம் சங்கீதத்தையும் மேல்நாட்டுச் சங்கீதத்தையும் கலக்கிற ஃப்யூஷன் என்று சொன்னாலே ஒதுக்கிவிடுவது என் பழக்கம், அவ்வளவுதான். விக்குவின் பெயரைப் பார்த்த பிறகு ஒதுக்க முடியவில்லை. அம்மாவிடம் சாமான்களை விட்டுவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

கடத்துக்காகத்தான் கேட்க ஆரம்பித்தேன். பத்து நிமிடத்தில் கவனமெல்லாம் மெக்லாஃப்ளினின் கிட்டாருக்குப் போய்விட்டது. கிட்டாரில் எப்படிக் கமகம், ஸ்வரத்தை வளைத்து அசைக்கிற அந்த வித்தை, பேசுகிறது என்று எனக்கு விளங்கவே இல்லை. பிறகு தேடிப் படித்தேன். கிட்டார் கழுத்தில் விரல் வைக்கிற மெட்டுக்கட்டைகளுக்கு இடையே உள்ள மரத்தைக் குழிவாகச் சுரண்டி எடுத்து, வீணையில் போலத் தந்தியை இழுக்க இடம் பண்ணியிருக்கிறார். தந்திகளுக்கு அடியில் குறுக்காக இன்னும் ஏழு தந்திகள், தம்புராவைப் போல ஒலிப்பதற்கு. இவர் அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். ராமநாதனிடம் வீணை படித்தவராம். சிலப்பதிகாரத்து இசையை ஆராய்ந்தாரே, அதே ராமநாதன்தான். மெக்லாஃப்ளின் பிறந்த டான்காஸ்டர், நீ இருக்கும் ஷெஃபீல்டுக்குப் பக்கத்து ஊர் என்று வரைபடத்தில் பார்த்தேன். உனக்கு இது முன்பே தெரிந்திருக்கும்.

அங்கேயே நின்றிருந்தால் இந்தக் கடிதம் தேவைப்பட்டிருக்காது. நான் அறிந்த வாத்தியங்களும் நான் அறிந்த கணக்கும்தானே. அந்த மனிதர் அதற்கு முன் என்ன வாசித்தார் என்று பார்க்கப் போய், டப்பாவின் அடியில் இருந்த 'பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்' தட்டை எடுத்தேன். 1973இல் வந்தது, மெக்லாஃப்ளினின் அப்போதைய குழுவான மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா வாசித்தது. பெயரைப் பார்த்துப் பஜனை என்று நினைத்துவிடக் கூடாது. டான்காஸ்டர் கிட்டார்காரர், பனாமாவில் பிறந்த டிரம்ஸ்காரர் பில்லி கோபம், பிராகிலிருந்து வந்த யான் ஹாமர், சிகாகோ வயலின்காரர் ஜெர்ரி குட்மேன், டப்ளினில் பிறந்த ரிக் லேர்டு. ஐந்து பேர், ஐந்து ஊர். சேகண்டி அடிப்பது போல ஒரு முழக்கத்தில் தொடங்குகிறது. அதன் பின்னால் கிட்டார் ஒரு சுற்றைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்கிறது.

முதல் நாள் இரண்டு நிமிடத்தில் நிறுத்திவிட்டேன். மறுநாள் காலையில் காப்பி குடிக்கும்போது அந்தச் சுற்று தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது, கை தானாகவே தொடையில் எண்ணிக்கொண்டிருந்தது. பதினெட்டு. மறுபடி போட்டு எண்ணினேன். பதினெட்டேதான். நம் தாளங்களில் மிஸ்ர ஜாதி அட தாளத்தின் எண்ணிக்கை. அன்றைக்கு அந்தத் தட்டை முழுதாகக் கேட்டேன்.

கயல், எட்டு வருடம் மிருதங்கம் படித்துவிட்டு, வேலை கிடைத்ததும் உறையில் போட்டுப் பரணில் ஏற்றியவன் நான். வாசிக்காவிட்டாலும் கச்சேரிக்குப் போவதை விட்டதில்லை. பாட்டை நிறுத்தி மிருதங்கம் போன்ற தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கிற தனி ஆவர்த்தனம் ஆரம்பித்த உடனே, இனிமேல் பாட்டு இல்லை என்று பாதிச் சபை கேண்டீனுக்கு எழுந்து போகும். எனக்கு ரத்தம் கொதிக்கும். ஒரு மனிதன் நாற்பது வருடச் சாதகத்தை எடுத்து வைக்கிற நேரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு போகிறார்களே என்று உன் அம்மாவிடம் எத்தனை தடவை பொருமியிருக்கிறேன். அப்படிப்பட்ட நான், நீ பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போது, "வார்த்தையே இல்லாமல் இது என்ன பாட்டு? மண்டையிடி" என்று சொல்லி உன் ஹெட்போனைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். பரீட்சை முடிந்தும் திருப்பித் தரவில்லை. நீயும் கேட்கவில்லை. நீ கேட்காமல் இருந்தது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது.

தனியில் எழுந்து போனவன் நானேதான், கயல். உன் விஷயத்தில் போனேன். மன்னித்துக்கொள்.

இனி 'ஸ்டார்லெஸ்' பற்றி. இதற்காகத்தான் பேனாவையே எடுத்தேன். கிங் கிரிம்சன் என்ற இங்கிலாந்து ராக் குழுவின் 'ரெட்' தட்டில் கடைசியாக வருவது. 1974 அக்டோபரில் தட்டு வெளிவரும்போது குழுவே கலைந்துவிட்டிருந்ததாம். பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. முதலில் ஜான் வெட்டனின் குரலில் ஒரு பாட்டு, துக்க வீட்டில் பேசுகிற குரல் போல இருக்கிறது. பாட்டு ஓய்ந்ததும் பேஸ் கிட்டார் மட்டும் அடியில் நடக்க ஆரம்பிக்கிறது. நடை எட்டுக்குள் அடங்கவில்லை, பத்துக்குள்ளும் இல்லை. தாளத்தில் விரல் விட்டு எண்ணுகிற பகுதியான லகுவைப் போட்டுப் பார்த்தேன். ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், ஆள்காட்டி, கட்டைவிரல், மறுபடி சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். ஒன்பது. பிறகு தட்டு வீச்சு, தட்டு வீச்சு. பதின்மூன்று! வந்து பொருந்தியது. சங்கீர்ண ஜாதி திரிபுடை தாளம். நம் ஆதி தாளமும் திரிபுடைதான், அதில் லகு நாலு, இதில் ஒன்பது, ஒரே குடும்பம். மெக்லாஃப்ளின் நம் கணக்கைப் படித்து வாசித்தவர். இவர்கள் அப்படியில்லை, தங்கள் வழியிலேயே நடந்து இந்தப் பதின்மூன்றுக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அதன் மேலே கிட்டார்காரர் ராபர்ட் ஃபிரிப் என்ன செய்கிறார்? ஒரே ஸ்வரம். அதையே இரண்டு தந்திகளில் மாற்றி மாற்றி மீட்டுகிறார். போதும் போதும் என்று நமக்குத் தோன்றுகிற வரை அதிலேயே நிற்கிறார். பிறகு ஒரு படி ஏறுகிறார், மறுபடி நிற்கிறார். நிமிடக்கணக்கில் இப்படியே போகிறது. ஒரு ஸ்வரத்தில் இவ்வளவு நேரம் நிற்க நெஞ்சுறுதி வேண்டும். ராக ஆலாபனையில் மேல் ஷட்ஜத்தைத் தொடாமல் அதற்கு முந்தின ஸ்வரமான நிஷாதத்திலேயே காக்க வைக்கிற பெரிய வித்வான்களைக் கேட்டிருக்கிறேன். அந்த மூச்சடைப்பு இதில் இருந்தது. பில் புரூஃபோர்டின் தாள வாத்தியங்கள் ஒன்றிரண்டாக உள்ளே வந்து கெட்டிப்படுகின்றன. கடைசியில் அணை உடைகிறது: அதே பதின்மூன்று, இரண்டாம் காலத்தில், சாக்ஸஃபோனோடு. முடிவில் ஆரம்பத்து மெட்டு திரும்பி வந்ததே, அப்போது நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றிருந்தேன். அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

அம்மாவுக்கு இதெல்லாம் கொஞ்சம் அதிகம். அவளுக்குப் பிடித்தது கேமல் குழுவின் 'தி ஸ்னோ கூஸ்', 1975. பால் காலிகோ எழுதிய கதையை வாத்தியங்களாலேயே சொல்லியிருக்கிறார்கள், பாட்டு வரியே கிடையாது. எசெக்ஸ் சதுப்புநிலக் கலங்கரை விளக்கத்தில் தனியாக வாழும் ஓவியன், அடிபட்ட வாத்தைத் தூக்கிக்கொண்டு அவனிடம் வரும் சிறுமி, 1940இல் போரின்போது டன்கர்க்கில் சிக்கிய சிப்பாய்களை மீட்கத் தன் சின்னப் படகில் போய்த் திரும்பாத அவன். தட்டு ஓட ஓட நான் அம்மாவுக்குக் கதை சொன்னேன். வாத்து மட்டும் திரும்பி வருகிறது என்றதும், "கொஞ்சம் பேசாமல் இருங்கள், கேட்கட்டும்" என்றாள். இப்போது சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு அவளே போடச் சொல்கிறாள்.

ஜாஸ் டிரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸின் 'பிட்சஸ் ப்ரூ' இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. 1969 ஆகஸ்டில் மூன்றே நாளில் பதிவு செய்து, நாடாவை வெட்டி ஒட்டி உருவாக்கியது என்றும், மெக்லாஃப்ளினும் அதில் வாசித்திருக்கிறார் என்றும் படித்தேன். இரண்டு முறை கேட்டும் உள்ளே நுழைய வாசல் தெரியவில்லை. அதற்கு நீதான் வழி சொல்ல வேண்டும். வெதர் ரிப்போர்ட் குழுவின் தட்டு அடுத்த வாரத்துக்கு.

உன் ஹெட்போனைப் பீரோவிலிருந்து எடுத்துவிட்டேன். காது வைக்கிற பஞ்சு பொடிப்பொடியாக உதிர்கிறது. பெரிய கடைத்தெருவில் மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

அடுத்த ஞாயிறு உனக்கு விடுமுறைதானே? அங்கே மதியம் இரண்டு மணி என்றால் இங்கே இரவு ஏழரை. நீ அங்கே 'ஸ்டார்லெஸ்' போடு, நான் இங்கே போடுகிறேன். சாக்ஸஃபோன் நுழைகிற இடத்தில் எனக்கு ஒவ்வொரு முறையும் சமம், அதாவது தாளம் தொடங்குகிற இடம், நழுவிவிடுகிறது, ஒரு எண்ணிக்கை எங்கோ விட்டுப்போகிறது. நீ அந்த இடத்தை எப்படி எண்ணுவாய் என்று சொல்.

அன்புடன்,
அப்பா