நாலு டேபிள் ஆடுகிற மகளுக்கு

அன்புள்ள பாப்பா,

நல்லா இருக்கிறாயா? இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி இப்போது பரவாயில்லை. அண்ணன் வீடு மாற்றுகிறான், அந்தக் கதையை அவனே சொல்வான். போன் பண்ணினால் ‘பிஸிப்பா, அப்புறம் பேசுறேன்’ என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன், முழுசாகப் படி.

ராத்திரி மூணு மணிக்கும் உன் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிகிறது என்று அம்மா சொல்கிறாள். ஆபீஸ் வேலையாக இருக்கும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். வேலைதானே? நீ ஆன்லைனில் ஒரே நேரத்தில் நாலு டேபிள் போக்கர் ஆடுகிறாய் என்று அண்ணன்தான் வாய் தவறிச் சொல்லிவிட்டான். அவனைத் திட்டாதே.

ஆடாதே என்று சொல்ல வரவில்லை. பெரியப்பா விஷயத்துக்குப் பிறகு இந்த வீட்டில் சீட்டுக்கட்டே இருக்கக்கூடாது என்று அம்மா சொன்னபோது, கணக்குத் தெரிந்து ஆடினால் போக்கர் வேறு மாதிரியான ஆட்டம் என்று வாதாடியவன் நான், இப்போதும் அதைத்தான் சொல்வேன். நீ கையில் மூணு குயின் சேர்ந்திருந்தும், எல்லோருக்கும் பொதுவாகத் தரையில் விரித்த சீட்டில் மூணு ஆர்ட்டின் விழுந்ததையும் மாமா பந்தயத்தை ஏற்றி ரெய்ஸ் பண்ணின விதத்தையும் பார்த்து, ஒரு வார்த்தை பேசாமல் சீட்டை மடித்து வைத்தாயே, அப்போது உனக்குப் பள்ளிக்கூட வயசு. மாமா ஃப்ளஷைத் திருப்பிக் காட்டினார், ஐந்தும் ஆர்ட்டின், மூணு குயினைவிடப் பெரிசு. வருஷக்கணக்காக ஆடுகிறவர்களுக்கே அப்படி ஃபோல்ட் பண்ண மனசு வராது. இதை இன்னும் எத்தனை பேரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று அம்மாவைக் கேள்.

ஆனால் அன்றைக்கு நீ படித்தது மாமாவை. நல்ல சீட்டு வந்தால் அவருக்கு விரல் லேசாக நடுங்கும், பணத்துக்குப் பதிலாக வைக்கிற சிப்பை நகர்த்தும்போது அடுக்கு கலையும். ஆன்லைனில் அந்த விரல் கிடையாது. ஒரு பெயர், ஒரு படம், எவ்வளவு கட்டினார், பட்டனை அழுத்த எவ்வளவு நேரம் எடுத்தார், அவ்வளவுதான். அதுவும் தகவல்தானே அப்பா, ஒருவர் நூறு கையில், அதாவது நூறு ஆட்டத்தில், எத்தனையில் பணம் கட்டி உள்ளே வருகிறார் என்று மென்பொருளே காட்டுகிறது, நேரடி ஆட்டத்தில் அதை யார் எண்ணுகிறார்கள் என்பாய். சரி, ஒத்துக்கொள்கிறேன். உனக்குப் பிடித்த நார்வே ஆட்டக்காரி அனெட் ஓப்ரெஸ்டாடைப் பற்றியும் சொல்வாய். 180 பேர் ஆடிய ஆன்லைன் போட்டியில் ஒரே ஒரு முறை தவிர தன் சீட்டையே பார்க்காமல் ஜெயித்தவர், 2007-இல் லண்டனில் நேரடி மேசையிலும் உட்கார்ந்து போக்கர் உலகத் தொடரின் ஐரோப்பியப் போட்டியை 18 வயதில் ஜெயித்தவர். எனக்கும் அவர்மேல் மரியாதை உண்டு. ஆனால் அவர் கைக்காசு போடாமல் இலவசப் போட்டிகளில் ஆரம்பித்தவர் என்பதையும் சேர்த்துச் சொல் பாப்பா, அதை மட்டும் நீ எப்போதும் விட்டுவிடுகிறாய்.

நான் பயப்படுவது வேகத்தைப் பற்றி. நேரடி மேசையில் டீலர் கலைத்து, போட்டு, சிப்பை எண்ணி முடிப்பதற்குள் மணிக்கு முப்பது கை நடந்தால் அதிகம். ஆன்லைனில் ஒரு டேபிளிலேயே எழுபது, நாலு டேபிள் என்றால் இருநூற்றெண்பது. முதலில் கைக்கு வருகிற ரெண்டு சீட்டும் ஏஸாக இருப்பது, அந்த ஜோடி ஏஸ், சராசரியாக 221 கைக்கு ஒரு முறை வரும். நேரடி மேசையில் அதற்கு ஏழு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும், உனக்கு முக்கால் மணி நேரத்தில் வந்துவிடுகிறது. ஏஸோடு இருக்கிற சிப் அத்தனையையும் வைத்து ஆல்-இன் போய் எதிரில் ஜோடி கிங் இருந்தால், கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு முறை நீதான் தோற்பாய். அது உன் தப்பு இல்லை, கணக்கு அப்படி. ஆனால் எனக்கு எப்போதோ ஒரு நாள் விழுகிற அந்த அடி, உனக்கு அதைவிடப் பல மடங்கு அடிக்கடி விழும்.

இன்னும் சொல்கிறேன், காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். வாரம் ஒரு சாயங்காலம், ஐந்து மணி நேரம் நேரடி மேசையில் ஆடுகிறவன் நாற்பதாயிரம் கை ஆட ஐந்து வருஷம் ஆகும். நாலு டேபிளில் ராத்திரிக்கு ஐந்து மணி நேரம் ஆடினால் ஒரே மாதம். நன்றாக ஆடுகிறவர்களுக்கும் அத்தனை கைகள் தொடர்ந்து நஷ்டத்தில் போவது உண்டு, அது உனக்கே தெரியும். எனக்கு ஐந்து வருஷத்தில் பரவி வருகிற கெட்ட காலம் உனக்கு ஒரே மாதத்தில் வந்து நிற்கும். நடுவில் ஒரு தூக்கம், ஒரு வேலை நாள், நம்மைத் திட்ட ஒரு மனுஷர், எதுவும் கிடையாது. அதனால்தான் ஒரு டேபிள் போதும் என்கிறேன். ஒரு டேபிள் ஆடு, தூங்கு.

நேரடி மேசையில் சிப் தீர்ந்தால் எல்லோர் முன்னாலும் பையில் கைவிட்டு நோட்டை எடுத்து எண்ணிக் கொடுக்க வேண்டும். அந்த அரை நிமிஷத்தில் பக்கத்தில் இருப்பவன் முகத்தைப் பார்ப்பான், ‘இன்னைக்குப் போதும்பா’ என்பான். மாமா என்னை அப்படி எத்தனையோ முறை எழுப்பி அனுப்பியிருக்கிறார். ஆன்லைனில் சிப் குறையக் குறையத் தானாகவே நிரப்பிக்கொள்ளும் செட்டிங் ஒன்று உண்டே, அதை அணைத்து வைத்திருக்கிறாயா? அதை மட்டுமாவது இன்றைக்கே அணைத்துவிடு.

எதிரில் இருப்பது யார் என்பதும் உறுதி இல்லை. 2019-லேயே புளூரிபஸ் என்ற கணினி நிரல் ஆறு பேர் மேசையில் கைதேர்ந்த ஆட்டக்காரர்களை ஜெயித்துவிட்டது. அப்சல்யூட் போக்கர், அல்டிமேட்பெட் தளங்களில் சிலர் மற்றவர்களின் சீட்டையே பார்த்து ஆடியது 2007, 2008-இல் வெளியே வந்தது. எல்லாத் தளமும் அப்படி என்று சொல்லவில்லை. உன் புத்தியில் எனக்குச் சந்தேகமே இல்லை, நம் வீட்டிலேயே நன்றாக ஆடுகிறவள் நீதான், மாமாவும் அதைத்தான் சொல்வார். ஆனால் எவ்வளவு நன்றாக ஆடினாலும் அந்தப் பக்கம் இருப்பது மனுஷரா என்று உனக்குத் தெரியாது.

ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஜெயிக்கும்போது நீ வாயாடி, ஒவ்வொரு கையையும் விவரித்து எங்கள் உயிரை வாங்குவாய். தோற்கும்போது பேச மாட்டாய், குனிந்து சிப்பை நிறம் பிரித்து அடுக்க ஆரம்பித்துவிடுவாய். மேசையில் இருந்த அத்தனை பேருக்கும் அது தெரியும், உன் முகத்துக்காக யாரும் சொன்னதில்லை. இப்போது கொஞ்ச காலமாக நீ எங்களிடம் எந்தக் கையைப் பற்றியும் பேசுவதில்லை.

எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். அண்ணனிடம் எதற்காகக் கைமாற்று வாங்கினாய் என்றும் கேட்கவில்லை. வாடகைப் பணம் தனியாக இருக்கிறதா என்று மட்டும் சொல். ஆட்டத்துக்கான பணம் வேறு, வீட்டுப் பணம் வேறு, ரெண்டும் ஒரே கணக்கில் இருக்கக் கூடாது, இதை நூறு முறை சொல்லியிருப்பேன், நூற்றியோராவது முறையும் சொல்கிறேன்.

ஆன்லைனில் ஒரு நல்ல விஷயம், ஆடுகிற ஒவ்வொரு கையும் பதிவாகிவிடும். நேரடியாக ஆடுகிறவன் ஜெயித்த நாளை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு காலம் தள்ளலாம், உன்னால் அது முடியாது. அந்த மென்பொருளில் லாப நஷ்டத்தைக் கோடாகக் காட்டும் படம் இருக்கும் அல்லவா, அதை ஆரம்பத்திலிருந்து இன்று வரைக்கும் எனக்கு அனுப்பு. நல்ல மாதத்தை மட்டும் வெட்டி அனுப்பாதே. தொகை தெரிய வேண்டாம் என்றால் எண்கள் இருக்கிற ஓரத்தை மறைத்துவிட்டு அனுப்பு, கோடு எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்தால் போதும். கீழே போயிருந்தால் நான் கிளம்பி வருகிறேன், ரெண்டு பேரும் உட்கார்ந்து ஒவ்வொரு கையாகப் பார்க்கலாம், அப்புறம் என்ன செய்யலாம் என்று யோசிக்கலாம். அம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். அண்ணன் மூலமாக வேண்டாம், நேரே எனக்கே அனுப்பு.

அன்புடன்,
அப்பா