அரையாண்டு விடுமுறைக்கு முன் பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கும், மாலையில் பிள்ளைகளைக் கூப்பிட வரும் ஐயா, ஆயா, அப்பத்தா அனைவருக்கும் வணக்கம்.

கார்த்திகை மழை ஓய்ந்து மார்கழிப் பனி தொடங்கிவிட்டது. அரையாண்டுத் தேர்வு நடந்துகொண்டிருக்கிறது. பிள்ளைகள் நன்றாகவே எழுதுகிறார்கள். கலைத் திருவிழாவில் நம் பிள்ளைகள் பரிசு வாங்கி வந்தார்கள். குழந்தைகள் தினமும் பாரதியார் பிறந்தநாளும் சிறப்பாக நடந்தன. 1919இல் பாரதியார் கானாடுகாத்தானுக்கும் காரைக்குடிக்கும் வந்து போனதை ஏழாம் வகுப்பு நாடகமாகப் போட்டது, பார்த்தவர்கள் பாராட்டினார்கள். நான்காம், ஐந்தாம் வகுப்புகளில் வாசிப்பு முன்னேறியிருக்கிறது. திருத்திய விடைத்தாள்களைப் பள்ளி திறந்ததும் கொடுத்துவிடுவோம். ஒத்துழைத்த எல்லோருக்கும் நன்றி.

குளிர் நாட்களுக்காக இரண்டு விஷயம். காய்ச்சல் இருந்தால், தேர்வு நாளாக இருந்தாலும் பிள்ளையை அனுப்ப வேண்டாம். தேர்வைப் பிறகு எழுத வைத்துக்கொள்ளலாம். அப்புறம், முற்றத்தில் மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருக்கும் அண்டாக்களை மூடி வையுங்கள். டெங்கு கொசு அந்த நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், பகலில்தான் கடிக்கும். காலை உணவு சாப்பிடும் பிள்ளைகள் பனியைக் காரணம் காட்டித் தாமதமாக வருகிறார்கள். உப்புமாவும் பொங்கலும் ஆறிப்போவதற்குள் வந்துவிடச் சொல்லுங்கள்.

சரி, இந்தக் கடிதத்தை முக்கியமாக எழுதுவது வேறு ஒரு விஷயத்துக்காக. மாலையில் பிள்ளைகளைக் கூட்டிப்போக வருவதைப் பற்றி.

கடைசி மணி 4.10க்கு அடிக்கிறது. பத்து நிமிடத்தில் முக்கால்வாசிப் பிள்ளைகள் போய்விடுகிறார்கள். அதன் பிறகு வராண்டாத் தூணை ஒட்டிச் சில பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். முதுகுப்பையைக் கழற்றாமல், தண்ணீர்ப் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு, ரோட்டில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து நிற்பார்கள். வண்டி நிற்காமல் போனதும் மறுபடி உட்கார்வார்கள். என்னப்பா என்று கேட்டால், “அப்பா வந்துருவாக டீச்சர்” என்று அவர்களே நமக்குச் சமாதானம் சொல்வார்கள். 4.45 ஆகும், சில நாள் 5.15 ஆகும். இந்த மாதத்தில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. மேகம் போட்டிருந்தால் அதற்கு முன்பே.

ஏன் தாமதமாகிறது என்பது எங்களுக்குத் தெரியாததல்ல. புதுவயல் அரிசி ஆலைகளில் வேலை பார்ப்பவர்கள் மணியைப் பார்த்து இறங்கி வர முடியாது. ஆத்தங்குடியில் டைல்ஸ் போடுகிறவர்கள், கண்ணாடியில் ஊற்றிய சாந்தைப் பாதியில் விட்டுவிட்டு எழ முடியாது. காரைக்குடிக் கடைகளில் இருப்பவர்களுக்கு மாலைதான் வியாபாரம். அப்பா சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருக்க, கைக்குழந்தையையும் வயதான மாமியாரையும் வைத்துக்கொண்டு அம்மா ஒருத்தியே எல்லாம் பார்க்கிற வீடுகளும் உண்டு. இப்போது பலர் சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிறீர்கள். தை பிறந்தால் குன்றக்குடியிலிருந்து பழநிக்குக் காவடியோடு நடப்பவர்கள் இருப்பார்கள். தையில் கல்யாணமும் சேர்ந்துகொள்ளும். வீதி முழுக்க வேன் நிற்கும்போது பள்ளிக்கு வந்து சேர்வதே பெரும்பாடு. இதையெல்லாம் மதித்துத்தான் இத்தனை நாள் வாய்மொழியாகவே சொல்லி வந்தோம்.

இப்போது எழுத்தில் சொல்ல வேண்டியிருக்கிறது. மழை விட்டிருந்த ஒரு மாலையில், கூப்பிட ஆள் வராமல் காத்திருந்த சின்ன வகுப்புப் பிள்ளை ஒன்று, மீன் பார்க்கலாம் என்று பக்கத்து ஊரணிக்குப் போய்விட்டது. ஆசிரியை வேறொரு பிள்ளையின் வீட்டுக்குப் போன் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா பார்த்து, கையைப் பிடித்து அழைத்து வந்து ஒப்படைத்தார். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. செருப்பு மட்டும் படியிலேயே கிடந்தது. போய் எடுத்து வந்தோம். தண்ணீருக்கு இரண்டு படி மேலே, ஜோடியாகக் கழற்றி வைத்திருந்தது.

நம் ஊரணியைப் பற்றி இந்த ஊரில் பிறந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வரத்துக்கால் வழியாக வந்த தண்ணீர் இந்த வருடம் மேல்படி வரை நிற்கிறது. அதைப் பார்த்தால் எல்லோருக்கும் வயிறு குளிரும். ஆனால் அந்தச் செம்புராங்கல் படிகள் முழுக்கப் பாசி. கோடைத் தண்ணீருக்காக நடுவில் வெட்டிய கிணறு இப்போது தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. வெயில் காலத்தில் அதைச் சுற்றி விளையாடிய பிள்ளைக்கு, இப்போது அது எந்த இடம் என்று தெரியாது. பெரியவர்களுக்கே கண்டுபிடிப்பது கஷ்டம்.

அதனால் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 4.30க்கு மேல் பிள்ளை பள்ளியில் காத்திருப்பது தினசரி வழக்கமாக இருக்கக் கூடாது. ஒரு நாள் டயர் பஞ்சராகலாம், ஒரு நாள் மழை பிடித்துக்கொள்ளலாம். அதை யாரும் குறை சொல்லப் போவதில்லை. வாரத்தில் மூன்று நாள், நான்கு நாள் அதே பிள்ளைகள் தூணோரம் உட்கார்ந்திருப்பது அப்படிப்பட்டதல்ல. எங்கள் ஆசிரியைகளில் சிலர் தேவகோட்டையிலிருந்தும் திருப்பத்தூரிலிருந்தும் வருகிறார்கள். ஒரு பஸ்ஸை விட்டால் அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேர இரவாகிவிடும். அவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பள்ளி திறக்கும் நாளிலிருந்து இப்படிச் செய்யப்போகிறோம். 4.30 வரை பிள்ளைகள் வராண்டாவில் ஆசிரியர் பார்வையில் இருப்பார்கள். அதற்கு மேல் அலுவலக அறைக்குள் வந்து உட்கார வேண்டும், கேட்டைப் பூட்டிவிடுவோம். முறை வைத்து ஓர் ஆசிரியர் உடன் இருப்பார். நீங்கள் கொடுத்த எண்களுக்கு வரிசையாகப் போன் செய்வோம். அதனால் வேலை செய்கிற எண்களைக் கொடுங்கள். பல வீட்டு எண்கள் மாறிவிட்டன, சொல்லவில்லை. ஒரு மாதத்தில் அடிக்கடி தாமதமானால், பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர் ஒருவரோடு உட்கார்ந்து உங்களிடம் பேசுவோம். திட்டுவதற்கு அல்ல, வழி தேடுவதற்கு.

வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் “பத்து நிமிஷம் லேட்” என்று போட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். பாடம் நடக்கும்போது ஆசிரியர்கள் கைபேசியைப் பார்ப்பதில்லை. பள்ளி எண்ணுக்கு நேரடியாகப் போன் செய்யுங்கள்.

வழக்கமாக வருபவர் அல்லாமல் வேறு ஆள் வருவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சித்தப்பா என்று ஒருவர் வந்து நிற்பார், பிள்ளைக்கு அவரைச் சரியாகத் தெரியாது. அவர் உண்மையிலேயே சித்தப்பாவாக இருக்கலாம். ஆனாலும் உங்களிடம் கேட்காமல் அனுப்ப மாட்டோம். அப்படி நிறுத்தி வைத்ததற்காக ஓர் ஆசிரியையிடம் பள்ளி கேட்டுக்குப் பக்கத்தில் நின்று, பிள்ளைகள் பார்க்கச் சத்தம் போட்டிருக்கிறார்கள். அந்த ஆசிரியை செய்தது முழுக்கச் சரி. நானாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். தயவுசெய்து இனி அப்படி நடக்க வேண்டாம்.

பத்தாவது படிக்கும் அண்ணனை வண்டி கொடுத்து அனுப்புவதும் கூடாது. 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, பதினெட்டு வயது ஆகாதவர் வண்டி ஓட்டினால் பெற்றோருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவும் ஓராண்டுக்கு ரத்தாகும். சட்டம் கிடக்கட்டும், ஈர ரோட்டில் முன்னால் ஒரு தம்பி, பின்னால் ஒரு தங்கை என்று அந்தப் பையன் வளைத்துத் திருப்புவதை வாசலில் நின்று பார்த்தால் உங்களுக்கே மனசு கேட்காது. அவனே நடந்து வந்து தம்பியையும் தங்கையையும் கூட்டிப்போனால் எங்களுக்கு மகிழ்ச்சிதான். எட்டாம் வகுப்பு அக்காவோடு தம்பி நடந்து போகலாம் என்றால், அதை டைரியில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். ஊரணிப் பக்கம் சுற்றாமல் கோயில் வீதி வழியாகப் போகச் சொல்லி அனுப்புகிறோம்.

வழியில்லாமல் இல்லை. மேலத்தெருவில் சில வீட்டு அம்மாக்கள் தாங்களாகவே முறை வைத்துக்கொண்டு, ஆளுக்கு ஒரு நாள் வந்து அந்தத் தெருப் பிள்ளைகள் எல்லோரையும் அழைத்துப் போகிறார்கள். யாரும் சொல்லிச் செய்ததல்ல. அந்தப் பிள்ளைகள் இப்போது தூணோரம் உட்காருவதே இல்லை. மற்ற தெருக்களிலும் இப்படிச் சேர்ந்துகொள்ள விரும்பினால் யார் யார் அக்கம்பக்கம் என்று வகுப்பாசிரியரே சொல்வார். ஒரு மாலை பள்ளியிலேயே உட்கார்ந்து பேசி முடிவு செய்துகொள்ளலாம், டீ நாங்கள் போடுகிறோம்.

மழை நாட்களில் பிள்ளைகளைத் தம் கடைச் சார்ப்பில் நிற்க விடும் எதிர்ப்பெட்டிக்கடைக்காரருக்கும், பிள்ளை வீட்டுக்குள் நுழையும் வரை வண்டியைக் கிளப்பாமல் நிற்கும் ஆட்டோக்காரருக்கும், அன்று ஊரணியில் துவைக்க வந்த அந்த அம்மாவுக்கும் பள்ளியின் சார்பில் மனமார்ந்த நன்றி. வெயில், மழை பாராமல் தடியூன்றி நடந்து வந்து, மணி அடிப்பதற்கு முன்பே வேப்பமரத்தடியில் நின்று பேரப்பிள்ளைகளைக் கூட்டிப்போகும் ஐயாக்களுக்கும் அப்பத்தாக்களுக்கும் சிறப்பு வணக்கம். உங்களில் பெரும்பாலோர் நேரத்துக்கு வருகிறவர்கள்தான். இந்தக் கடிதத்தை உங்களுக்கும் அனுப்புவதைத் தவறாக நினைக்க வேண்டாம்.

விடுமுறையில் பிள்ளைகளைத் தனியாக ஊரணிக்கோ கண்மாய்க்கோ அனுப்பாதீர்கள். நீச்சல் தெரிந்த பிள்ளையாக இருந்தாலும் கூட ஒரு பெரியவர் போகட்டும். பிள்ளையார் நோன்பு, கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் எல்லாவற்றுக்கும் உங்கள் குடும்பத்துக்கு எங்கள் வாழ்த்துகள்.

இத்துடன் ஒரு படிவம் வைத்திருக்கிறோம். பிள்ளையைக் கூப்பிட வருபவர்கள் யார், அவர்கள் என்ன முறை, மூன்று தொலைபேசி எண்கள், ஒவ்வொருவரின் பாஸ்போர்ட் அளவுப் படம் ஒன்று. பள்ளி திறக்கும் முதல் நாளே பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்