உள்ளரங்குக் கால்பந்துத் தளத்திற்குக் கூரை அமைக்க நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

கோத்தகிரி வட்டாரத்தின் தேயிலைச் சரிவுகளில் வாழும் நமக்குச் சமதரை எவ்வளவு அரிது என்று சொல்ல வேண்டியதில்லை. இந்நிலத்துக்குப் பொருந்துவது அணிக்கு ஐவர் ஆடும் ஃபுட்சால்தான் என்று காட்டியவர், இவ்வூரில் பிறந்து, கோவையில் பல ஆண்டுகள் உள்ளரங்குப் போட்டிகளில் ஆடி, முழங்கால் காயத்தோடு ஊர் திரும்பிய நம் வீரர். (பெயரைப் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார், ஊராருக்கு அவரைத் தெரியும்.)

1930-இல் உருகுவேயின் மாண்டிவிடியோ நகரில் ஹுவான் கார்லோஸ் செரியானி என்ற ஆசிரியர், கூரைக்குக் கீழே சிறிய தளத்திலும் ஆடும்படி வகுத்த ஆட்டம் இது. இதன் பந்துக்குத் துள்ளல் குறைவு. இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து விட்டால் முதல் துள்ளலில் 65 சென்டிமீட்டருக்கு மேல் எழக்கூடாது. புதிதாக வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நம் வீரர் நாற்காலிமேல் ஏறி நின்று இதைச் செய்து காட்டுகிறார். வெளியே போன பந்தை 4 நொடிக்குள் உள்ளே உதைக்க வேண்டும் என்பதால், "ஒண்ணு, ரெண்டு" என்று அவர் எண்ணும் குரல் மாலையில் லயன் வீடுகள் வரை கேட்கும்.

ஆட்டம் முடிந்ததும், கரடியும் காட்டெருமையும் நடமாடும் பாதையில் டார்ச்சுடன் பிள்ளைகளை வீடுவரை கொண்டுவிடுபவரும் அவரே. இதற்கெல்லாம் அவர் ஒரு ரூபாயும் வாங்குவதில்லை. படிப்பை இடையில் நிறுத்திய இருவரை, வகுப்புக்குப் போனால்தான் அணியில் இடம் என்று சொல்லியே மீண்டும் பள்ளிக்கு அனுப்பிவைத்தார்.

உள்ளூர்ப் போட்டிகளுக்கு விதிப்படி 25 மீட்டர் நீளமும் 16 மீட்டர் அகலமும் இருந்தால் போதும் என்பதால், அந்த அளவுக்குச் சிமெண்டுத் தளம் போட்டாகிவிட்டது. கூரைதான் இல்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில், பிள்ளைகள் சாக்கை விரித்து ஈரத்தை ஒற்றியெடுத்துவிட்டு நிமிர்வதற்குள் அடுத்த தூறல் வந்துவிடுகிறது. வழுக்கும் தளத்தில் இன்னொரு முழங்காலையும் பலி கொடுக்க எங்களுக்கு மனமில்லை. சென்றமுறை உங்கள் பணத்தில் கட்டிய தார்ப்பாய் ஒரே காற்றில் கிழிந்துபோனது. விலை குறைவென்று அதை வாங்கியது குழுவின் தவறு. ஆகவே இம்முறை இரும்புத் தூண்கள் நட்டுத் தகரக் கூரை வேய முடிவுசெய்துள்ளோம்.

தொகை சிறிதாயினும் ரசீதுடன் பெற்றுக்கொள்வோம். பணமாகத் தர இயலாதோர் தூண், தகரம், சிமெண்டு மூட்டையாகவோ, வெல்டிங் தெரிந்தோர் இரண்டு நாள் உழைப்பாகவோ தரலாம். வரவு செலவுக் கணக்கு மாதந்தோறும் ரேஷன் கடைச் சுவரில் ஒட்டப்படும். அடைமழைக்கு முன்பே தூண்களை நட்டுவிட வேண்டியிருப்பதால், ஆவணி முடிவதற்குள் பொருளாளரிடம் சேர்ப்பிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இவண்,
தளக் கட்டுமானக் குழுவினர்